வாலி வதம்

முதல்லயே சொல்லிடறேன். இது ராமாயணத்து வாலி இல்லை. கவிஞர் வாலியும் இல்லை. 1999-ல அஜித் ரெட்டை வேஷத்துல மிரட்டின 'வாலி'யும் இல்லை. (அதுக்காக வந்தவங்க அப்படியே உக்காந்து படிச்சுட்டுப் போங்க, டீ சொல்றேன்.) இது ஃபுட்பால் வாலி. பந்து தரையைத் தொடறதுக்கு முன்னாடி அந்தரத்துலயே வச்சு உதைக்கிறது. தரையில பட்டு எழும்புற அந்த நொடியில உதைச்சா அதுக்குப் பேர் ஹாஃப் வாலி.

டிஸ்கியையும் இங்கயே போட்டுடறேன்: நான் கோச் கிடையாது. காலேஜ் டீம்ல பெஞ்சைத் தேய்ச்சவன். வாரம் அஞ்சு நாள் ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு, சனிக்கிழமை ராத்திரி டர்ஃப்ல அஞ்சஞ்சு பேரா ஆடற கோஷ்டியைச் சேர்ந்தவன். அவ்வளவுதான்.

யோசிச்சுப் பாத்தா கிஷ்கிந்தை வாலிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தம் இருக்குங்க. எதிர்ல நின்னு சண்டை போடறவன் பலத்துல பாதி தனக்கு வந்துடணும்னு வரம் வாங்கினவன் அவன். ஃபுட்பால் வாலியும் கிட்டத்தட்ட அப்படித்தான். சும்மா கிடக்கிற பந்தை உதைச்சா முழு பலத்தையும் நம்ம காலே குடுக்கணும். எதிர்ல வர்ற பந்துன்னா அது கொண்டு வர்ற வேகத்துலயும் நமக்கு ஒரு பங்கு உண்டு. காலைச் சரியான இடத்துல சரியான நேரத்துல வச்சாப் போதும். அந்தப் 'போதும்'லதான் எல்லா வில்லங்கமும்.

நான் இதைத் தனியா ஆரம்பிச்சது 2023 ஜூன் வாக்குல. எங்க ஏரியா கார்ப்பரேஷன் கிரவுண்டுல ஒரு மூலையில ரேஷன் கடை குடோனோட பின்பக்கச் சுவர் இருக்கு. ஜன்னல் கிடையாது. ஞாயித்துக்கிழமை குடோன் பூட்டியிருக்கும். கிரவுண்டு முழுக்க ஏழெட்டு கிரிக்கெட் மேட்ச் ஒண்ணுமேல ஒண்ணா நடந்துக்கிட்டிருக்கும், யாரோட பாலை யார் ஃபீல்டிங் பண்றாங்கன்னே தெரியாது. அந்தச் சுவர் பக்கம் மட்டும் யாரும் வரமாட்டாங்க. எனக்கு அது போதும். ஒரு பழைய நிவியா பந்து, கட்டாந்தரைக்குன்னு செஞ்சது, கல்லு மாதிரி இருக்கும். கொஞ்சம் காத்தைக் குறைச்சு வச்சுக்குவேன். முழுக் காத்தோட வாலி பழகினா புறங்கால் ரெண்டு நாளைக்கு எரியும்.

தனியாப் பழகறதுல முதல் பாடம் ரொம்ப சின்னப் புள்ளத்தனமா இருக்கும். பந்தை ரெண்டு கையால இடுப்பு உயரத்துல பிடிச்சு, விடணும். போடக்கூடாது, விடணும். அது முட்டிக்குக் கீழ வந்ததும் புறங்காலால, அதாவது லேஸ் கட்டுற இடத்தால, மெல்லத் தட்டி மறுபடி கைக்கே வரவைக்கணும். கணுக்கால் பூட்டு போட்ட மாதிரி இறுகியிருக்கணும். கட்டைவிரல் தரையைப் பாக்கணும். இவ்வளவுதான். ஐம்பது தடவை பண்ணிப் பாருங்க. இருபது தடவை பந்து பக்கத்து கிரிக்கெட் மேட்சுக்குள்ள போய் ஸ்டம்பைத் தட்டும்.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. பந்து எப்படிச் சுத்துதுன்னு பாத்தாலே நாம எங்க உதைச்சோம்னு தெரிஞ்சுடும். சுத்தாம அப்படியே வந்தா நட்டநடுவுல பட்டிருக்கு. நம்மளைப் பாத்துப் பின்பக்கமா சுருண்டா, கால் பந்துக்கு அடியில போயிருக்கு, விரல் மேல தூக்கியிருக்கு. பக்கவாட்டுல சுத்தினா கணுக்கால் தளர்ந்திருக்கு. நம்ம வேலையில லாக் ஃபைலைப் பாத்து தப்பைத் தேடுவோமே, அது மாதிரி. என்ன, இந்த லாக் பொய் சொல்லாது.

அடுத்தது சுவர். அஞ்சு தப்படி தள்ளி நின்னு உதைக்கணும், திரும்பி வர்றதை ஒரு தடவை தரையில பட விட்டு மறுபடி உதைக்கணும். செங்கல் துண்டால சுவர்ல 2.44 மீட்டர் உயரத்துல ஒரு கோடு போட்டேன். அதுதான் கோல் கம்பத்தோட உயரம், நம்ம பாஷையில எட்டடி. கோட்டுக்கு மேல பட்டா கிரவுண்டுக்கு வெளிய போன பந்துன்னு கணக்கு. முதல் மாசம் பெரும்பாலும் மேலதான். காரணம் உதைக்கும்போது உடம்பு தானா பின்னால சாயுது. முட்டி பந்துக்கு மேல வரணும், நெஞ்சு கொஞ்சம் முன்னால கவிழணும். கேக்க ஈஸி. ஆனா முகத்துக்கு எதிரா ஒரு பந்து வரும்போது முன்னால கவிழறதுக்கு உடம்பு ஒத்துக்காது. பயம் மூளையில இருக்கோ இல்லையோ, இடுப்புல இருக்கு.

டென்னிஸ் பெர்க்காம்ப் சின்ன வயசுல ஆம்ஸ்டர்டாம்ல வீட்டுத் தெருவுல தனியா சுவர்ல பந்தை அடிச்சு அடிச்சு, அது எப்படித் திரும்பி வருதுன்னு பாத்துக்கிட்டே இருந்ததா அவரே சொல்லியிருக்கார். அவருக்கு அப்ப சின்ன வயசு. எனக்கு இருபத்தாறு. அந்தத் தெருவுல ரேஷன் குடோனுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதிரி யாரும் இருந்திருக்கவும் மாட்டாங்க. "தம்பி, ஞாயித்துக்கிழமைகூட மனுஷன் தூங்க வேணாமா?" 'டம் டம்'னு சத்தம் அவங்க மண்டைக்குள்ளயே கேக்குதாம். ஏழு மணிக்கு மேலதான் சுவர்னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டோம்.

சரி, தனியா எவ்வளவு தூரம் போகலாம்? நல்லா தூரம் போகலாம். கால் சுத்தமா படறதை முழுக்கத் தனியாவே கத்துக்கலாம். ஆனா ஒரு இடத்துல முட்டுச் சந்து வருது. நாமே விடற பந்து எப்ப வரும், எங்க வரும்னு நமக்கு முன்னாடியே தெரியும். சுவர்ல பட்டு வர்றதும் நாம அனுப்பினதுதான், நேர் எதிர்லருந்து வருது. நாமே எழுதின கோடுக்கு நாமே டெஸ்ட் எழுதற மாதிரி. எல்லாம் பாஸ் ஆகும். நிஜ ஆட்டத்துல வாலிக்கு வர்ற பந்து பக்கவாட்டுல, மேலருந்து, வேற ஒருத்தன் இஷ்டத்துக்கு வரும்.

கணக்கும் போட்டுப் பாத்தேன். (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதாவது உதவட்டும்.) இடுப்பு உயரம்னா தோராயமா 1 மீட்டர். அங்கருந்து விட்ட பந்து தரைக்கு 30 சென்டிமீட்டர் மேல வர்றதுக்கு 0.38 விநாடி. அப்ப அதோட வேகம் விநாடிக்கு 3.7 மீட்டர். காலை ஒரு விநாடியில நூறுல ஒரு பங்கு தாமதமா வீசினா, அதுக்குள்ள பந்து 4 சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்காது. பந்தோட சுற்றளவு 68-லருந்து 70 சென்டிமீட்டர்னு விதி, அதாவது குறுக்களவு சுமார் 22. நாலு சென்டிமீட்டர் பிசகை சமாளிச்சுடலாம். அதுவே 10 மீட்டர் உயரத்துலருந்து இறங்கற பந்தை 1 மீட்டர் உயரத்துல வச்சு உதைக்கணும்னா? காத்துத் தடையை விட்டுட்டா அப்ப வேகம் விநாடிக்கு 13 மீட்டர், மணிக்கு 48 கிலோமீட்டர் கிட்ட. அதே நூறுல ஒரு பங்கு தாமதத்துக்கு பந்து 13 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பந்துல பாதியே 11 தான். நடுவுல பட வேண்டியது காலுக்குத் தப்பிடும், இல்லைன்னா முழங்கால் எலும்புல பட்டு உயிர் போகும்.

இந்தக் கணக்கைப் போட்டதுக்கு அப்புறம்தான் ஜிடேன் 2002 மே 15-ம் தேதி கிளாஸ்கோ ஹாம்டன் பார்க்ல அடிச்ச கோலைப் பாத்து எனக்கு நிஜமாவே வயித்தைக் கலக்குச்சு. ராபர்ட்டோ கார்லோஸ் இடது ஓரத்துலருந்து தூக்கிவிட்ட பந்து வானத்துக்குப் போயிட்டு வருது. ஜிடேன் பெனால்ட்டி ஏரியா விளிம்புல நின்னு காத்துக்கிட்டிருக்கார். அதுவும் தனக்குப் பழக்கமில்லாத இடது காலால. லெவர்குசனுக்கு எதிரா ரியல் மாட்ரிட் 2-1னு ஜெயிச்ச சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் அது. எல்லாரும் உதைச்சதைப் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி அவர் நிக்கிறதைப் பாருங்க. அவசரமே இல்லை.

இங்கதான் கீப்பர் கதைக்கு வரணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

கீப்பர்ங்கறது எங்க காலேஜ் டீம் கோல்கீப்பர். பேரைச் சொல்லிக் கூப்பிட்டே பல வருஷம் ஆச்சு, அவன் அம்மாவே சில நேரம் "கீப்பர் தம்பிய பாத்தியா"ன்னு கிண்டலாக் கேப்பாங்க. 2019-ல ஒரு ஆபீஸ் டோர்னமென்ட்ல கிராஸ் பிடிக்க எகிறி, இடது காலை ஊனி இறங்கினான். யாரும் தொடக்கூட இல்லை. முட்டி உள்பக்கமா மடங்குச்சு. ஏசிஎல் கிழிஞ்சுபோச்சு. முட்டிக்குள்ள குறுக்கால போற தசைநார் அது. நேரா நடக்கறதுக்கு அது இல்லாமயும் ஒப்பேத்தலாம், சட்டுனு திரும்பறதுக்குத்தான் அது வேணும். ஃபுட்பால்ங்கறதே சட்டுனு திரும்பறதுதானே. தொடைப் பின்பக்கத்து நரம்பை எடுத்து வச்சு ஆபரேஷன் பண்ணாங்க. ஒரு வருஷம் ஒழுங்கா எக்சர்சைஸ் பண்ணி, லாக்டவுன் எல்லாம் முடிஞ்சு திரும்பி வந்து, 2022-ல அதே கால், அதே முட்டி. இந்தத் தடவை டாக்டர் பேச்சையே முடிச்சுட்டார். சைக்கிள் ஓட்டு, நீந்து, நேரா ஓடு. பந்து வேணாம்.

அவன் சண்டையெல்லாம் போடலை. எங்க வாட்ஸ்அப் குரூப்பை விட்டு அமைதியா வெளிய போயிட்டான். கிளவுஸை அபார்ட்மென்ட் வாட்ச்மேன் பையனுக்குக் குடுத்துட்டான்னு அப்புறமாத்தான் தெரியும். போன் பண்ணா "மீட்டிங்ல இருக்கேன்டா". ஒரு வருஷம் ஃபுல்லா மீட்டிங்லயே இருந்தான்.

அவனுக்கு நடை பழகச் சொல்லியிருந்ததால காலையில எங்க கிரவுண்டைச் சுத்த வருவான்போல, எனக்குத் தெரியாது. ஒரு நாள் சுவர்ல உதைச்சுக்கிட்டிருக்கேன், பின்னாடிலருந்து குரல்.

"சீக்கிரம் அடிக்கிறடா."

திரும்பினா நிக்கறான். எப்படி இருக்கே, என்ன ஏதுன்னு ஒண்ணும் கிடையாது. "நீ பந்தைத் தேடிப் போற. அது உங்கிட்டதான் வருது. நில்லு." பந்தை வாங்கி ஆறு மீட்டர் தள்ளிப் போய் கையால போட ஆரம்பிச்சான்.

மக்கா, பந்து போடறதுல இவ்வளவு இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சது. நான் அதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு பேரைப் போடச் சொல்லியிருக்கேன். ஒருத்தன் கிரிக்கெட் பாலைப் போடற மாதிரி விட்டெறிவான். இன்னொருத்தன் தினம் ஒரு உயரத்துல போடுவான். கீப்பர் ரெண்டு கையாலயும் அடியிலருந்து, சுழற்சியே இல்லாம, என் வலது இடுப்புக்கு ஒரு தப்படி வெளிய, பத்துக்கு ஒன்பது பந்து அதே புள்ளியில இறக்கினான். கொஞ்ச நாள் கழிச்சு உயரத்தை ஏத்தினான். அப்புறம் எந்தப் பக்கம்னு சொல்லாமப் போட்டான். வருஷக்கணக்கா பந்தைப் பிடிச்சவன் கைக்குப் பந்தோட எடை தெரியும்ல.

பக்கவாட்டு வாலி அவன் போட்டுத்தான் எனக்கு வந்துச்சு. சுவரோட அது வராது. பந்து வர்ற திசைக்குப் பக்கம் காட்டி நிக்கணும். கோல் பக்கத்து தோள் கீழ இறங்கணும், அப்பதான் உதைக்கிற கால் இடுப்பு உயரத்துக்குப் படுத்த மாதிரி வரும். பந்தோட நடுவுக்குத் துளி மேல படணும், பந்து தரையை நோக்கிப் போகணும். எல்லா பாரமும் ஊனின ஒத்தைக் கால்ல. அந்தக் கால் முட்டி லேசா மடங்கி, பாதம் திரும்பி... இதை எனக்கு விளக்கும்போது தன்னோட இடது காலைக் காட்டிக் காட்டித்தான் விளக்குவான். ரெண்டு தழும்பு இருக்கும் அதுல. நான் பந்தைப் பாப்பேன்.

அவன் சொன்ன ஒரு விஷயம் எனக்கு அதுவரைக்கும் தோணவே இல்லை. டீம்லயே அதிகமா வாலி அடிக்கிறவன் யாரு? ஸ்ட்ரைக்கர் இல்லை. கீப்பர்தான். கையில பிடிச்ச பந்தை விட்டு, தரையில படறதுக்கு முன்னாடி உதைச்சு அந்தப்பக்கத்துக்கு அனுப்பறானே, அது சுத்தமான வாலி. தரையில தட்டி எழும்பும்போது உதைச்சா ஹாஃப் வாலி. ஒரு மேட்சுக்குப் பத்து பதினஞ்சு தடவை அடிப்பான், அதை யாரும் வாலின்னு சொல்றதில்லை. நாமதான் வருஷத்துக்கு ரெண்டு அடிச்சுட்டு வீடியோ எடுத்துப் போட்டுக்கறோம். (ரெண்டுங்கறதே ஜாஸ்தி. இத்தனை நாள் பழகினதுக்கு டர்ஃப்ல சரியான பந்து எனக்கு மூணு தடவை வந்திருக்கு. ஒண்ணு கோல். ஒண்ணு மேல் வலையில. இன்னொண்ணு எங்க டீம் ஆளோட முதுகுல.)

எங்களுக்குள்ள ஒரே ஒரு சட்டம் உண்டு. உதைச்சவன்தான் போய் எடுத்துட்டு வரணும். ஆன்ட்டி வீட்டு மொட்டை மாடியில விழுந்தாலும் சரி. அதனால ரெண்டு வருஷமா நான்தான் ஓடறேன், அவன் இடுப்புல கை வச்சு நிப்பான்.

பழகி முடிச்சதும் எதிர் டீக்கடையில உக்காந்து அவன் போன்ல பழைய கோல் பாப்போம். அவன் பார்வையே வேற. மார்கோ வான் பாஸ்டன் 1988 யூரோ ஃபைனல்ல சோவியத் யூனியனுக்கு எதிரா அடிச்ச வாலி தெரியும்ல? இடது பக்கத்துலருந்து முப்பத்தேழு வயசு ஆர்னோல்ட் மூரன் பெரிசா ஒரு கிராஸ் போடுவார், வான் பாஸ்டன் வலது ஓரத்துல, கோணமே இல்லாத இடத்துலருந்து, அப்படியே உதைப்பார். நான் வான் பாஸ்டனைப் பாப்பேன். இவன் தசாயெவைப் பாப்பான். "கீப்பர் நின்ன இடம் சரிதான்டா. அதுக்கு மேல மனுஷனால முடியாது."

அந்த வான் பாஸ்டன் பத்தி ஒரு விஷயம் நான் படிச்சேன், இவன்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன். அந்த கோல் மியூனிக் ஒலிம்பிக் ஸ்டேடியத்துல, 1988 ஜூன் 25. அவர் கடைசியா ஆடின மேட்சும் அதே ஸ்டேடியம்தான். 1993 மே மாசம், மார்சேய்க்கு எதிரா சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். கணுக்கால் காயம். அப்புறம் ரெண்டு வருஷம் முயற்சி பண்ணிப் பாத்து, 1995-ல அதிகாரபூர்வமா விலகிட்டார். அந்தக் கடைசி மேட்ச் ஆடும்போது வயசு இருபத்தெட்டு. எங்க வயசு.

சொன்னேன். டீயை ஆத்திக்கிட்டே கேட்டான். "தெரியும்டா"ன்னான். அப்புறம், "அவருக்காவது அது கடைசி மேட்ச்னு அன்னிக்குத் தெரியாது. நல்லதுதான்." வேற எதுவும் பேசலை. அடுத்த வாரம் வழக்கம்போல வந்தான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. முந்தின ராத்திரி மழை, கிரவுண்டெல்லாம் சகதி, கிரிக்கெட் கோஷ்டி ஒண்ணுகூட இல்லை. சுவரோரம் மட்டும் கொஞ்சம் காய்ஞ்சிருந்தது. நாலு பந்து போட்டுட்டு நிறுத்திட்டான். பந்தை உருட்டி உருட்டிப் பாத்தான். டீ ஷர்ட்ல துடைச்சான்.

"நான் ஒண்ணு விடட்டா?"

நான் ஒண்ணும் சொல்லலை. வேணாம்னு சொல்றதுக்கு நான் யாரு, சரின்னு சொல்றதுக்கும்தான் யாரு. "நேராத்தான் உதைக்கப் போறேன். முறுக்கல் இல்லை. பிசியோகிட்ட கேட்டுட்டேன்"னான். கேட்டிருப்பானா தெரியாது. அவன் அம்மா ஞாபகம் வந்தது எனக்கு.

ரெண்டு தப்படி நடந்தான். பந்தை விட்டான். எனக்குக் கத்துக்குடுத்தானே அதே மாதிரி, போடலை, விட்டான். இடது காலை ஊனி, வலது காலால. பெரிசா ஓங்கக்கூட இல்லை. அந்தச் சத்தம் இருக்கே, நான் ரெண்டு வருஷமா தேடற சத்தம், 'டம்'னு இல்லாம 'தொப்'னு ஆழமா ஒண்ணு. பந்து சுத்தவே இல்லை. எழுதியிருந்த எழுத்துகூடப் படிக்கலாம் போல அப்படியே மேல போச்சு. குடோன் ஓட்டுக்கு மேல, வேப்ப மரத்துக்கு மேல, ஆன்ட்டி வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தொட்டியில பட்டு ஒரு பெரிய சத்தம்.

அவன் அங்கயே இடது கால்ல நின்னுக்கிட்டிருந்தான். வலது காலை மெல்ல இறக்கினான். இடது முட்டியைத் தடவிப் பாத்தான், ரெண்டு தடவை மடக்கி நீட்டினான்.

ஆன்ட்டி கதவைத் திறக்கிற சத்தம் கேட்டுச்சு. நான் பழக்க தோஷத்துல கேட் பக்கம் ஓட ஆரம்பிச்சேன்.

"டேய் நில்லு. உதைச்சவன்தான் எடுக்கணும்"னு சொல்லிட்டு, சகதியைப் பாத்து ஓரமா, மெதுவா நடந்து போனான்.